பொருள்: பிரிவிலேஜ் = சலுகையா?

செ. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். மூன்றாமாண்டு சமூகவியல் வகுப்புக்காக அமெரிக்கப் பெண்ணியவாதி பெகி மெக்கின்டாஷ் 1989இல் எழுதிய கட்டுரையைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளையராகப் பிறந்ததாலேயே தனக்குக் கேட்காமல் கிடைத்தவற்றை அவர் பட்டியலிடுகிறார். ‘தோல் நிறம்’ என்று கடையில் விற்கும் பிளாஸ்திரி அவர் தோலோடு ஒத்துப்போகும். அவர் கெட்ட வார்த்தை பேசினால் ‘அந்த இனமே அப்படித்தான்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தப் பிரிவிலேஜுக்கு அகராதி தருவது சலுகை. வகுப்பில் அதையே சொன்னேன். “கோட்டாவுல வந்தவங்களா மேடம்?” என்று ஒரு மாணவர் கேட்டார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உதவுங்கள்.

க. எழுதியது:
சிறப்புரிமை. இலங்கையில் பாராளுமன்றச் சிறப்புரிமை என்றுதான் எழுதுகிறோம், எல்லோருக்கும் விளங்கும்.

ந. எழுதியது:
உரிமை என்றாலே நியாயமானது என்று ஆகிவிடும். இலத்தீன் வேரில் பிரிவுஸ் என்பது தனி, லெக்ஸ் என்பது சட்டம். நேர்ச்சொல் தனியுரிமைதான், அதைப் பிரைவசிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். வசதிக்கு ‘ஏந்து’ என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. ஏந்துதலில் தாங்குவதும் உண்டு, உயர்வும் உண்டு; மன்னனை ஏந்தல் என்றார்களே! பிறப்பால் வந்த ஏந்து, ‘பிறப்பேந்து’.

செ. எழுதியது:
ஐயா, என் மாணவர்களுக்குக் கையேந்துவதுதான் நினைவுக்கு வரும்.

ப. எழுதியது:
கெட்ட வார்த்தை வரியை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். எனக்கு அதுதான் கட்டுரையின் உயிர். நான் தங்கிப் படித்த விடுதியில் எல்லாப் பையன்களும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். மற்றவர்கள் சொன்னால் விளையாட்டு, நாங்கள் சொன்னால் ‘சேரிப் புத்தி’. சலுகை என்பதும் எங்கள் மேல் வீசப்பட்ட சொல். அதையே அவர்களுக்குக் கிடைத்ததன் பெயராக வைத்தால், அந்த மாணவர் புரிந்துகொண்டதுபோல எல்லாம் தலைகீழாகத்தான் போய்ச்சேரும். ‘பிறப்பு அனுகூலம்’ என்று வையுங்கள்.

ந. எழுதியது:
அனுகூலம் வடசொல். தவிர, சேரி இழிசொல்லே அல்ல. சேர்ந்து வாழுமிடம் சேரி. சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி வருகிறது. சோழர் காலத்தில் பிராமணருக்குக் கொடையாகக் கொடுத்த பிரமதேய ஊர்களில் அவர்கள் குடியிருந்த பகுதிகளுக்கும் சேரி என்றுதான் பெயர்.

ப. எழுதியது:
தெரியும் ஐயா. திட்டியவர்கள் கல்வெட்டைப் படித்துவிட்டா திட்டினார்கள்?

ர. எழுதியது:
பிறப்பு மட்டும் போதுமா? இங்கிலீஷ் மீடியம், சென்னையில் சொந்த வீடு, இவையெல்லாம் எதில் அடங்கும்? வெறும் ‘சாதகம்’ போதும் என்பேன். ஆனால் பாதிப்பேர் ஜாதகம் என்று படிப்பார்கள்.

செ. எழுதியது:
வியாழன் இரவு பதினொன்று. பெரும்பாலோர் ‘பிறப்பு அனுகூலம்’ என்கிறார்கள்; க. சிறப்புரிமையை விடவில்லை, ந. பிறப்பேந்தை விடவில்லை. அனுகூலமே போகிறது, முதலில் வரும் இடத்தில் மட்டும் பிரிவிலேஜ் என்றும் சேர்க்கிறேன். ப. சொன்ன வரியில் ‘வசைமொழி’ என்று நாகரிகமாக எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டுக் ‘கெட்ட வார்த்தை’ என்றே போட்டிருக்கிறேன்.

ந. எழுதியது:
அனுகூலத்துக்கு என் ஒப்புதல் இல்லை என்பது பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்புக்குள் பிறப்பேந்தை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள், அம்மா.