கரடியும் ஓநாயும் ஒரே வேலிக்குள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுகிறார்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

அக்கா குடும்பம் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறது. நான் போயிருந்தபோது அத்தான் கறுப்புக் காட்டிலுள்ள ஓநாய், கரடிப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். பாட் ரிப்போல்ட்சவ்-ஷாப்பாக் என்ற ஊர். அந்தப் பெயர் வாயில் நுழைவதற்குள் பாதி வழி போய்விட்டது. 2010இல் தொடங்கிய இடம். சர்க்கஸிலும் குறுகிய கூண்டுகளிலும் கிடந்த கரடிகளை மீட்டுக் காட்டுச் சரிவில் விட்டிருக்கிறார்கள். அதே வேலிக்குள் ஓநாய்களும் உலாவுகின்றன.

பைத்தியக்காரத்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் காரணம் இருக்கிறது. கூண்டில் வளர்ந்த கரடிக்குத் தீனி நேரத்துக்கு வந்துவிடும். எதையும் தேட வேண்டியதில்லை. ஓநாய் பக்கத்தில் இருந்தால் மோப்பம் பிடிக்க வேண்டும், கிடைத்ததைக் காத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு கரடி மரக்கட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஓநாய்கள் மெல்ல நெருங்கின. ஓர் உறுமல்தான். இரண்டும் விலகிப் போய், கொஞ்ச நேரத்தில் பின்பக்கமாக வந்து நின்றன!

அதற்குப் பிறகு நடந்ததுதான் மனதை உறுத்தியது. அந்தக் கரடி நடக்கத் தொடங்கியது. சில அடி போனதும் திரும்பியது. மறுபடியும் அதே தூரம், மறுபடியும் அதே திருப்பம். அங்கே வேலியும் இல்லை, மரமும் இல்லை. பழைய கூண்டின் சுவர் அதன் கால்களுக்குள் இன்னும் இருந்தது.

யூர்காவின் கதை வேறு விதம். ஸ்லோவேனியாவில் பிடித்து 2001இல் இத்தாலியின் ட்ரெண்டினோ மலைக்காட்டில் விடப்பட்ட பெண் கரடி. 2006இல் ஜெர்மனியின் பவேரியாவில் சுட்டுக் கொல்லப்பட்ட புரூனோ அவளுடைய மகன். அடுத்த ஆண்டு அவளையும் பிடித்து அடைத்தார்கள். 2010இல் இந்தப் பூங்காவுக்கு வந்தாள். 2023இல் ட்ரெண்டினோவில் ஓர் இளைஞரைக் கொன்ற கரடி அவளுடைய மகள். 2025இல் அதையும் இங்கேயே கொண்டுவந்தார்கள். சர்க்கஸ் கரடிக்கு இது விடுதலை. யூர்காவுக்கு? "அவளை எதிலிருந்து மீட்டார்கள், மாமா?" என்று அக்காவின் மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தாஜ்மஹால் பார்க்கப் போனவர்கள் நாங்கள். ஆக்ராவுக்கு அருகே கீதம் ஏரிக்கரையில் கரடி மீட்பு மையம் இருப்பதைக் கேள்விப்பட்டு, முன்பதிவு செய்து போனோம். பெரும்பாலும் தெருவில் ஆடிய கரடிகள். குட்டியிலேயே மூக்கைத் துளைத்துக் கயிறு கோத்து, பல்லை உடைத்து ஆட்டுவித்திருக்கிறார்கள். மூக்கின் தழும்பு தூரத்திலிருந்தே தெரிகிறது. பல் போனவற்றுக்குக் கஞ்சிதான்.

இந்தியாவின் கடைசி ஆட்டக் கரடி 2009இல் மீட்கப்பட்டதாம். கரடியாட்டிகளான கலந்தர் மக்களுக்கு மாற்றுத் தொழில், பிள்ளைகளுக்குப் படிப்பு என்று ஏற்பாடு செய்ததால்தான் அது முடிந்தது. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கயிற்றை மட்டும் அறுத்திருந்தால் மறுநாளே இன்னொரு குட்டி பிடிபட்டிருக்கும்.

தெஹிவளையிலிருந்து, சொந்த ஊர் வவுனியா:

இலங்கையில் ஓநாய் கிடையாது, நரிதான். ஆனால் கரடி உண்டு. ஊரில் யானையைவிடக் கரடிக்குத்தான் அதிகம் பயப்படுவோம். யானை வருவது தெரியும், கரடியோ புதருக்குள்ளிருந்து எழுந்து நேரே முகத்தைத்தான் பிறாண்டும். தேன் எடுக்கக் காட்டுக்குப் போகிறவர்கள் பேசிக்கொண்டே நடப்பது அதனால்தான். நம்முடைய கரடியைக் காட்டிலேயே பார்க்க விரும்புகிறவர்கள் பாலைப்பழக் காலத்தில் வில்பத்துவுக்கோ யாலவுக்கோ போங்கள். பழத்துக்காக மரமே ஏறும். "கட்டாயம் காட்டுகிறேன்" என்று சொல்லும் ஜீப்பில் மட்டும் ஏறாதீர்கள்.