நெடுந்தீவு குதிரை வீடியோ: ஓடுச்சா, ஓட வெச்சீங்களா?

மின்ட்_மணி

நெடுந்தீவு போயிட்டு வந்தாச்சு மக்களே. யாழ்ப்பாணத்துல ரூம் போட்டு, காலையில கிளம்பி சாயங்காலம் திரும்புற ட்ரிப். இடுப்பு இன்னும் என் பேச்சைக் கேக்கல.

யாழ்ப்பாணத்துல பஸ் ஏறினா வேலணை, புங்குடுதீவுன்னு கடலுக்கு நடுவுல போட்ட ரோட்டுலயே போகும். குறிகட்டுவான் இறங்குதுறையில முடியும். அங்கிருந்து படகு, ஒரு மணி நேரம். கீழ்த்தட்டுல உக்காந்தா டீசல் வாசனை, மேல உக்காந்தா மண்டை காயுது. எதிர்ல ஒரு அம்மா மடியில அட்டைப்பெட்டி, உள்ள கோழிக்குஞ்சு. வழி முழுக்க கீச்கீச்.

தீவுல இறங்கினதும் ஒரு வண்டி பேசினோம். நம்ம ஊர் குட்டியானை மினி லாரியேதான், அங்க அதுக்குப் பேரு 'பட்டா'. பின்னாடி ரெண்டு பலகை போட்டிருப்பாங்க, அதான் சீட்டு. கொஞ்ச தூரம் தார் ரோடு, அப்புறம் மண்ணும் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்லு) சில்லும்தான். மணலி ரோட்டுல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல தினம் பைக் ஓட்டுறவன் நான், எனக்கே குடல் இடம் மாறுச்சு. மேல்கம்பியில ரெண்டு தடவை தலை இடிச்சுது. பெருக்கமரம், இடிஞ்ச கோட்டை, புறாக்கூடு எல்லாம் பாத்தோம். அதெல்லாம் யார் போனாலும் போடுற போட்டோதான், விடுங்க.

விஷயம் குதிரை. வெட்டவெளியில இருபதுக்கு மேல நின்னுச்சு, காஞ்ச புல்லு நிறத்துலயே. ட்ரைவர் அண்ணன் "கிட்டப் போவமோ?"ன்னார். "போங்கண்ணே"ன்னேன். பாதையை விட்டு இறக்கி நேரா விட்டார் பாருங்க, மொத்தக் கூட்டமும் பிச்சிக்கிட்டு ஓடுச்சு. புழுதி, பின்னாடி கடல். 40 செகண்ட் வீடியோ போட்டிருக்கேன். என் வாழ்க்கையில நான் எடுத்ததுலயே பெஸ்ட்டு.

திருவொற்றியூர்_பூநாரை

வீடியோ பாத்தேன். அழகாத்தான் இருக்கு. ஆனா மணி, அது குதிரை ஓடுற வீடியோ இல்ல, குதிரையைத் துரத்துற வீடியோ. 12-வது செகண்ட்ல நீங்களே "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட"ன்னு கத்துறது கேக்குது.

2015-ல அந்தத் தீவுல 1,846 ஹெக்டேரை இலங்கை அரசு தேசியப் பூங்கான்னு அறிவிச்சிருக்கு. முதுமலையில ஜீப்பை பாதையை விட்டு இறக்கச் சொல்லி யானையைத் துரத்துவீங்களா?

மின்ட்_மணி

யானையும் இதுவும் ஒண்ணாக்கா? இது காட்டு மிருகமே கிடையாது. போர்த்துக்கீசன் கொண்டாந்து இறக்கினான், டச்சுக்காரன் பெருக்கினான், இங்கிலீஷ்காரன் காலத்துல நோலன்னு ஒரு ராணுவ அதிகாரி பண்ணை மாதிரி நடத்தினாரு. அப்புறம் வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. அதோட வாரிசுங்கதான் இதுங்க. நம்ம ராயபுரம் மார்க்கெட்டுல முட்டைக்கோஸ் இலை தின்னுகிட்டு நிக்குற மாடு மாதிரி, கேக்க ஆள் இல்லாத ஜென்மம்.

காசிமேடு_வலை

இன்னா மணி, குதிர பாக்கவா கடல் தாண்டிப் போன? நம்மாளுக்கு நெடுந்தீவுன்னா டிவியில கீழ ஓடுற எழுத்துதான்பா. "நெடுந்தீவு அருகே மீன்பிடித்த ராமேஸ்வரம் மீனவர்கள் கைது." அந்த ஊர்ல குதிர கீதுன்னு இன்னிக்கித்தான் தெரியும். ஆளு இருக்காங்களான்னே தெரியாம இத்தினி வருசம் நியூஸ் கேட்டுனு இருந்துக்கிறேன்.

வீடியோ சோக்கா கீது. அக்கா சும்மா காண்டாவாத.

லாடம்_73

எங்க தாத்தாவும் அப்பாவும் மூலக்கொத்தளத்துல ஜட்கா ஓட்டினவங்க. நான் ஓட்டல, ஆனா லாயத்துல வளந்தவன். அந்தக் கண்ணால வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். ரெண்டு மூணு விஷயம் சொல்றேன்.

முதல் அஞ்சு செகண்ட், வண்டி இன்னும் தூரத்துல. எல்லாத்துக்கும் தலை மேல, காது முன்னாடி உங்க பக்கம் திரும்பி இருக்கு. அது "யாருடா இவன்"னு பாக்குறது. வண்டி பாதையை விட்டு இறங்குனதும் ஒரு குதிரை மட்டும் பக்கவாட்டுல திரும்பி நிக்குது, வயிறு கொஞ்சம் தொங்கினது. அதுக்கு அந்தப் பக்கம் குட்டி. அடுத்த நொடி காது பின்னாடி மடங்கிடுச்சு. அப்புறம்தான் ஓட்டம். 30-வது செகண்ட்ல இடது ஓரம் பாருங்க, குட்டி ஒரு கல்லுல தடுக்கி முன்னங்கால் மடங்கி எந்திரிக்குது. நீங்க அப்ப சிரிக்கிறீங்க. பாக்காம சிரிச்சிருப்பீங்க, தெரியும்.

இன்னொண்ணு. மனுஷன் மாதிரி உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துற மிருகம் குதிரை. வெயில்ல ஓடவிட்டா உடம்புத் தண்ணி மொத்தமா இறங்கிடும். முழு வளர்த்திக் குதிரை ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல குடிக்கும். இது மட்டக்குதிரை, பாதின்னு வெச்சுக்கோங்க. அந்தப் பாதிக்கே அந்தத் தீவுல வழி இருக்கான்னு கேளுங்க. வறட்சி வந்தா அங்க குதிரைங்க தண்ணி இல்லாம சாகுறது பேப்பர்லயே வந்திருக்கு. காட்டு மிருகமா வீட்டு மிருகமான்னு நீங்க சண்டை போட்டுக்கோங்க. வேர்வை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

ஸ்டான்லி_ரவுண்டானா

எல்லாரும் சேந்து மணியை மொத்துறீங்க, அதனால நான் அவர் பக்கம்.

அந்த பட்டா வண்டிக்காரருக்கு இந்த வாடகை எத்தனை நாளைக்கு ஒரு தடவை கிடைக்கும்? படகுல வந்து இறங்குறதே கொஞ்சம் பேர். அதுல பாதிப் பேர் வாடகை சைக்கிள். மீதிப் பேர் உங்களை மாதிரி "பாதையை விட்டு இறங்காதே, சத்தம் போடாதே, தூரத்துல நிறுத்து"ன்னு சொல்லி, கடைசியில குதிரையே தெரியலன்னு காசுல பேரம் பேசுவாங்க. குதிரையைக் கிட்ட காட்டினாத்தான் அடுத்த ஆள் வருவான். ஊருக்குப் பொழப்பு இருந்தாத்தான் குதிரைக்கும் யாராவது தண்ணி ஊத்துவாங்க.

அப்புறம் பூநாரை அக்காவுக்கு ஒரு கேள்வி. நம்ம கோடியக்கரையிலயும் இதே மாதிரி விட்டுட்டுப் போன குதிரைங்க இருக்கு. அது வெளிமான் மேயுற புல்லைத் தின்னுது, சீமைக்கருவைக் காயைத் தின்னுட்டுப் போற இடமெல்லாம் சாணியில விதையைப் போடுது. அங்க குதிரையைப் பிடிச்சு வெளியேத்தணும்னு போன வருஷம் இதே இடத்துல எழுதினது நீங்கதானே? பாக் ஜலசந்திக்கு இந்தப் பக்கம் இருந்தா வேண்டாத குதிரை, அந்தப் பக்கம் இருந்தா தேசியப் பூங்காவா?

மின்ட்_மணி

அப்டிப் போடு!

திருவொற்றியூர்_பூநாரை

ஆமா, நான்தான் எழுதினேன். இப்பவும் அதேதான் சொல்வேன். கோடியக்கரை வெளிமானுக்காக வெச்ச சரணாலயம். அங்க குதிரைக் கணக்கைக் குறைக்கணும். நெடுந்தீவுல வெளிமான் கிடையாது. இடத்துக்கு இடம் பதில் மாறும். குறைக்கணும்னு சொல்றது வேற, லைக்குக்காகத் துரத்துறது வேற. கோடியக்கரையிலயும் துரத்தச் சொல்லி நான் எழுதல.

பொழப்பு பத்திச் சொன்னீங்க. பழவேற்காட்டுல நான் வழக்கமா போற படகுக்காரர் ஒருத்தர். பூநாரை கூட்டம் கண்ணுல பட்டதும் மோட்டாரை நிறுத்திடுவார். அங்க தண்ணி முழங்கால் அளவுதான், கழி ஊன்றித் தள்ளிட்டுப் போவார். ஒரு எல்லையில நின்னுடுவார். கூட வந்த பசங்க "இன்னும் கிட்ட போங்க, பறக்கட்டும், அப்பதான் செவப்பு றெக்கை தெரியும்"னு கெஞ்சினாங்க. அவர் சொன்னது: "இன்னிக்கு நான் பறக்கவிட்டா நாளைக்கு அது ஆந்திரா பக்கம் போயி உக்காந்துக்கும். அப்புறம் உங்கப்பனையா காட்டி நான் காசு வாங்குறது?" அவருக்கும் குடும்பம் இருக்கு, ஸ்டான்லி.

காசிமேடு_வலை

படகுக்காரன் கரீட்டா சொல்லிக்கிறான்.

அக்கா, பழவேற்காட்டுலயும் டச்சுக்காரன் 1613-ல கோட்ட கட்னான்னு நீதான சொன்ன. நெடுந்தீவுல குதிர வுட்டுட்டுப் போய்க்கிறான், நமக்கு இன்னா வுட்டான்? எலும்புக்கூடு செதுக்கின சுடுகாட்டு வாசலு. நம்ம ராசி.

காவாங்கரை

நான் இங்க எழுதுறதில்லை, வாசிக்கிறது மட்டும்தான். நெடுந்தீவு என் அம்மாவோட ஊர். நான் பிறந்தது புழல் காவாங்கரை முகாம்ல. என் தமிழ் பாதி உங்கள்து, பாதி அம்மான்ர. பொறுத்துக்கோங்க.

முதல்ல வலை அண்ணாக்கு. அங்க ஆக்கள் இருக்கினம். நீங்க பார்க்கிற அந்தச் செய்தியில அவங்களோட வலை அறுந்த கதை வராது. அதை அறுக்கிற இழுவைமடியை, விசைப்படகு கடலடியில இழுத்துக்கொண்டு போற வலையை, 2017-ல அங்க சட்டம் போட்டே தடை செய்திட்டாங்க. என் மாமா மூன்று தரம் வலை வாங்கினவர்.

மணி அண்ணா, நீங்க சொன்ன மாதிரி கேக்க ஆள் இல்லாத ஜென்மமும் இல்லை, பூநாரை அக்கா சொல்ற மாதிரி யானையும் இல்லை. அம்மாவைக் கேட்டேன். சிரிச்சா. குதிரையைப் பார்க்க அவை ஒருநாளும் போனதில்லையாம், குதிரைதான் அவையைப் பார்க்க வருமாம். கோடையில வெளியில தண்ணி வத்தினதும் ஊர்மனைக்குள்ள வரும். முருகைக்கல் வேலிக்கு மேலால தலையை நீட்டும். கிணத்தடியில வாளியைத் தட்டி விழுத்தும். அம்மம்மா வாயில வந்ததெல்லாம் சொல்லி ஏசுவாவாம், ஏசிக்கொண்டே ஒரு வாளி இறைச்சு ஊத்துவாவாம். எங்கட கிணறே அந்த நேரம் உப்புக் கரிக்கும், அதுக்குள்ள குதிரைக்கும் பங்கு.

ஒரு விஷயம் கேக்கட்டா, நீங்க போன படகுக்கு என்ன பேர்? குமுதினி என்றால் அம்மாட்ட சொல்ல மாட்டேன். 1985 மே 15 அன்று அந்தப் படகுல வந்த சனத்தை நடுக்கடல்ல வெட்டிக் கொன்றவங்க. அந்தப் பேர் கேட்டா அம்மா எழும்பி உள்ள போயிடுவா.

காசிமேடு_வலை

தங்கச்சி, இழுவ மேட்டரு வேற திரெட்டுல பேசிக்கலாம். இங்க ஆரமிச்சா விடிஞ்சிரும். எங்க வூட்லயும் விசைப்படகு, பைபர் போட்டுன்னு அண்ணன் தம்பிக்குள்ளயே அடிதடி கீது. மாமா வலைக்கு வருத்தம்தான். நெசமா சொல்றேன்.

மின்ட்_மணி

வேற படகு தங்கச்சி. பேர் சரியா பாக்கல, ஆனா அது இல்ல.

முழுசா சொல்லிடுறேன், வீடியோவுல இல்லாதது. குதிரை ஓடினப்புறம் திரும்புற வழியில ஒரு கிணறு, பக்கத்துல சிமென்ட் தொட்டி. கூட்டத்துல இல்லாத தனிக் குதிரை ஒண்ணு அங்க நின்னுச்சு. விலா எலும்பை எண்ணலாம். தொட்டியில தண்ணி இல்ல, அடியில பச்சையா ஒரு கறை. அதை நாக்கால தேச்சுக்கிட்டு இருந்துச்சு. சுவத்துல உப்புத்தாள் போடுற சத்தம். என்கிட்ட 5 லிட்டர் கேன்ல பாதிக்கு மேல இருந்துச்சு, ஊத்தினேன். நான் கேனை மூடுறதுக்குள்ள தொட்டி காலி. அப்புறம் தலையை எடுக்காம அங்கேயே நின்னுச்சு. ட்ரைவர் அண்ணன் ஹாரன் அடிச்சார், கடைசிப் படகுக்கு நேரமாச்சுன்னு. அதை வீடியோ எடுக்கத் தோணல.

லாடம்_73

தம்பி, தப்பா நினைக்காதீங்க. ஊத்தினீங்க சரி. ஆனா அந்த இருபது குதிரையை ஓடவிட்டு வேர்க்க வெச்சதுக்கு 3 லிட்டர் எந்தக் கணக்கு? அதுவும் வேற குதிரைக்கு.

ஸ்டான்லி_ரவுண்டானா

லாடம் அண்ணே, ஊத்தினவனையும் விட மாட்டீங்களா. சும்மா வீட்டுல உக்காந்து டைப் பண்ற நாம எத்தனை லிட்டர் ஊத்தினோம்?

லாடம்_73

ஊத்தல. துரத்தவும் இல்ல.

மின்ட்_மணி

வீடியோவை எடுக்க மாட்டேன். கஷ்டப்பட்டு எடுத்தது. தலைப்பை மட்டும் மாத்திட்டேன்: "நான் துரத்தச் சொல்லி ஓடின நெடுந்தீவுக் குதிரைகள்." போதுமாக்கா?

திருவொற்றியூர்_பூநாரை

போதாது. தலைப்பை யார் படிக்கிறாங்க? 40 செகண்டைப் பாத்துட்டு அடுத்தவன் போயி ட்ரைவர்கிட்ட இதே மாதிரி வேணும்னு கேப்பான்.

காவாங்கரை

வீடியோவை எடுத்துடாதீங்க அண்ணா. அம்மா இப்ப நாலாவது தரம் பார்க்கிறா. குதிரையைப் பார்க்கேல்லை. 9-வது செகண்ட்ல வண்டி குலுங்கேக்க வலப்பக்கம் ஒரு கல்வேலி வருது, நடுவில இடைவெளி, ஒற்றைப் பனை. அதில ஒரு படலை, உங்க பேச்சில கேட், இருந்ததா, வெறும் இடைவெளிதானா என்று கேக்கிறா. நிறுத்தி நிறுத்திப் பார்த்தாச்சு, ஆட்டத்தில தெரியேல்லை.

மின்ட்_மணி

அந்த ரோட்டுல கேமரா நிக்கவே இல்லம்மா. இரு, அதே இடத்துல வண்டி நின்னப்ப எடுத்த போட்டோ பத்துப் பதினஞ்சு போன்ல இருக்கு. அம்மா வீடு மேற்கா, மத்தியா, கிழக்கா? கேட்டுச் சொல்லு, தேடி அனுப்புறேன்.

திருவொற்றியூர்_பூநாரை

மணி, போட்டோவை அனுப்புங்க. வீடியோ தப்புதான்.

மின்ட்_மணி

சரி தாயி.