டெல்லி - சென்னை விமானம்: டிக்கெட்டில் ஏன் இவ்வளவு நேரம்?

மயூர் விஹார்வாசி:
அப்பா பொங்கல் முடிந்து சென்னையிலிருந்து தனியாக வருகிறார். நேர்கோட்டில் தூரம் சுமார் 1,760 கிலோமீட்டர்தானே, விமானம் மணிக்கு 800 போனால் ரெண்டே கால் மணிக்குள் வந்துவிட வேண்டும், ஆனால் டிக்கெட்டில் 2 மணி 50 நிமிடம் போட்டிருக்கிறதே?

கரோல்பாக் பழசு:
டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லைங்க. சென்னையில் நிறுத்தத்தை விட்டு நகர்வதிலிருந்து இங்கே வந்து நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் 800 வேகம் கிடையாது, பாதையும் நேர்கோடு இல்லை, டெல்லியில் நெரிசல் என்றால் வானத்திலேயே வட்டமடிக்க வைப்பார்கள், இறங்கிய பிறகும் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

முனிர்க்கா மாணவன்:
காற்றும் உண்டு அண்ணா. குளிர்காலத்தில் மேலே மேற்கிலிருந்து பலமாக அடிக்கும், அதனால் கொல்கத்தா போவதைவிடத் திரும்பி வர அதிக நேரமாகும். சென்னை தெற்கு வடக்கு என்பதால் அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

கரோல்பாக் பழசு:
அதைவிட ஜனவரி மூடுபனிதான் தலைவலி! காலை விமானம் வேண்டாம், மதியம் வந்து இறங்குகிற மாதிரி போடுங்கள். எனக்கு ஒருமுறை ஜெய்ப்பூரைச் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் கொண்டுவந்து விட்டார்கள்.

மயூர் விஹார்வாசி:
சரி, மதியத்துக்கே மாற்றிவிடுகிறேன். அவரோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ரெண்டு ராத்திரி படுத்துக்கொண்டே வருகிறேன் என்கிறார்.