தாய்லாந்துக் குழந்தைகளுக்கு ஆங்கிலம்: ஒரு யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். சியாங் மாயில் ஒரு மழலையர் பள்ளியில் மூன்று மாதமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 28 பிள்ளைகள், எல்லோருக்கும் நாலைந்து வயது. அவர்கள் மொழியில் எனக்குப் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம்.

சொல்லின் கடைசி ஒலியில்தான் சிக்கல். தாய்லாந்து மொழியில் சொல் முடிவில் 'ல்' வந்தால் 'ன்' என்றும், 'ஸ்' வந்தால் 'ட்' என்றும்தான் ஒலிக்கும். அதனால் பந்தைக் காட்டினால் 'பால்' (ball) என்பதற்குப் பதில் 'பான்' என்கிறார்கள், ஆப்பிள் 'ஆப்பென்' ஆகிறது, பஸ் 'பட்' ஆகிறது. வீட்டில் கேட்டுப் பழகிய ஒலி அது. தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேற்று ஒரு சிறுமி என் வாயையே உற்றுப் பார்த்து, நாக்கை மேலே மடித்து, மெதுவாக 'பால்' என்றாள். அப்புறம் வெட்கப்பட்டு மேசைக்கடியில் ஒளிந்துகொண்டாள். அந்த ஒரு நொடி போதும், இந்த வேலையை விடவே தோன்றாது.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்கள் சொல்லுங்கள்: திருத்துவது போலத் தெரியாமல் கடைசி ஒலியைப் பழக்க என்ன விளையாட்டு வைக்கலாம்? ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டா? அல்லது இப்போதைக்குப் பாட்டும் கதையும் போதும், உச்சரிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள். திங்கட்கிழமை வகுப்பிலேயே செய்து பார்க்கிறேன்.