புதிய மடிக்கணினிக்கு ரேம்: 8 ஜிபி போதுமா, 16 வேண்டுமா, 32 எடுத்துவிடலாமா?

மழைக்குருவி:
புதிய மடிக்கணினி வாங்க வேண்டும். ஐந்தாறு ஆண்டுகளாவது உழைக்க வேண்டும். நாள் முழுக்க உலாவியில் இருபது, இருபத்தைந்து டேப், ஒரு பெரிய எக்செல் கோப்பு, வீடியோ அழைப்பு, கொஞ்சம் பைதான். இயங்குதளம் விண்டோஸ் 11. பிடித்திருக்கும் மாடல், ரேம் (நிரல்கள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) 8, 16, 32 ஜிபி என மூன்று விதமாகக் கிடைக்கிறது. எதை எடுக்கலாம்?

கருவேலன்:
8 ஜிபி தாராளம். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச ரேமே 4 ஜிபிதான். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ரேம் பயன்பாடு 80 சதவீதம் என்று பார்த்ததும் பலர் பதறிப்போகிறார்கள். ரேமைச் சும்மா விட்டுவைக்காமல் கேச் (மறுபடி தேவைப்படலாம் என்று எடுத்துவைக்கும் தரவு) நிரப்பிக்கொள்வது இயங்குதளத்தின் இயல்பு. மிச்சமாகும் பணத்தை நல்ல திரைக்கும் பெரிய எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கும் கொடுங்கள்.

நிரலன்:
கருவேலன் அவர்களே, கேச் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. அந்த 80 சதவீதத்தில் விண்டோஸ் தயாராக வைத்திருக்கும் கேச் சேராது. அதைத் தனி எண்ணாகக் கீழே காட்டும். ஆகவே 80 என்றால் நிரல்களும் இயங்குதளமும் உண்மையிலேயே பிடித்துவைத்திருக்கும் இடம். 4 ஜிபி என்பது கணினி எழுந்து நிற்கத் தேவையான அளவு. அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. செயலியோடு சேர்ந்தே வரும் ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லாததால் அதுவும் இதே ரேமில் பங்கு கேட்கும். மைக்ரோசாஃப்ட் 2024-இல் ஏஐ வசதிகளுக்கான கோபைலட் பிளஸ் கணினிகளுக்கு 16 ஜிபியைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிளும் மேக் கணினிகளின் தொடக்க அளவை 16-க்கு உயர்த்தியது. இனி வரும் மென்பொருளை எழுதுபவர்கள் எந்த அளவை மனதில் வைத்து எழுதுவார்கள்?

கருவேலன்:
ஏஐ வசதிகளுக்காக வந்த மாற்றத்தை எக்செல் திறப்பவர் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்? விற்பவர் அளவை உயர்த்தினால் வாங்குபவரின் தேவையும் உயர்ந்துவிடுமா? ரேம் நிறைந்தாலும் கணினி நின்றுவிடாது. ரேமில் அதிகம் தொடாத பகுதிகளை விண்டோஸ் 10 காலத்திலிருந்தே சுருக்கி வைக்கிறார்கள். உலாவிகளும் நெடுநேரம் பார்க்காத டேப்களை உறங்கவைக்கின்றன. அதற்கும் மேல் தேவைப்பட்டால், ரேமில் கொள்ளாததை மாற்றிவைக்க எஸ்எஸ்டி இருக்கிறது.

நிரலன்:
எஸ்எஸ்டி ஒருநாளும் ரேம் ஆகாது. ரேமிலிருந்து தரவை எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடி ஆகும். நல்ல எஸ்எஸ்டிக்கே பல பத்து மைக்ரோநொடி பிடிக்கும். நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம்! அழைப்பில் பேசிக்கொண்டே எக்செலுக்குத் தாவும்போது குரல் அறுந்து, திரை ஒரு நொடி உறைந்து நிற்கிறதே, பல நேரங்களில் அதற்குக் காரணம் இதுதான்.

செங்காந்தள்:
கணினி பழுதுபார்ப்பது என் தொழில். இத்தனை நேரம் பேசியும் முதலில் கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. ரேம் ஸ்லாட்டில் செருகியதா, மதர்போர்டிலேயே பற்றவைத்ததா? மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் எல்பிடிடிஆர் எனும் குறைமின் ரேம் சில்லுகளைப் பலகையோடு பற்றவைத்தே அனுப்புகிறார்கள். மூன்று ஆண்டு கழித்து வந்து, "இன்னொரு 8 ஜிபி போட்டுக் கொடுங்கள்" என்பவருக்குப் பின்மூடியைத் திறந்து காட்டுவேன். செயலியை ஒட்டிச் சின்னச் சின்னக் கறுப்புச் சில்லுகள் இருக்கும். ஸ்லாட் என்று ஒன்றுமே இருக்காது. திரையும் விசைப்பலகையும் புதிதுபோல இருக்க, ரேம் ஒன்றுக்காக முழுக் கணினியும் மூலைக்குப் போகும். எனக்கு மனம் பொறுக்காது.

ஸ்லாட் இருந்தால் 8-இல் தொடங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். அப்போதும் ஒற்றை ஸ்டிக்கைவிட ஒரே அளவில் இரண்டு போடுவது நல்லது. இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் தரவு போகும்படி ஓடும்போது ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸுக்கு நல்ல வேகம் கிடைக்கும். டிடிஆர்4 தலைமுறை ரேமுக்கான ஸ்லாட்டில் அடுத்த தலைமுறையான டிடிஆர்5 நுழையாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நெடுஞ்சுடர்:
பற்றவைத்தது என்றால் 32-தான் எடுக்க வேண்டும். நான் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளை) ஓட்டிக்கொண்டே ஏஐ மொழி மாதிரி ஒன்றையும் கணினியிலேயே இயக்குகிறேன். 700 கோடி அளவுருக்கள் (மாதிரி கற்றுவைத்திருக்கும் எண்கள்) கொண்ட மாதிரி, ஒவ்வொன்றையும் 4 பிட்டுக்குச் சுருக்கியும் 4 ஜிபியைத் தின்கிறது.

நிரலன்:
உங்கள் வேலைக்கு 32 நியாயம். கேட்டவர் அந்த வேலை எதையும் செய்யவில்லையே. காலியாகக் கிடக்கும் ரேம் வேகம் தராது.

மழைக்குருவி:
நான் பார்த்த மாடலில் ரேம் பற்றவைத்ததுதான். இப்போது வைத்திருக்கும் பழைய 8 ஜிபி கணினியில், வேலை நேரத்தில் 7.2 ஜிபி பயன்பாட்டில் இருக்கிறது, கமிட்டட் 12.6 என்று காட்டுகிறது.

கருவேலன்:
கமிட்டட் என்பது நிரல்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட அளவு; அத்தனையும் தொட்டிருப்பார்கள் என்று பொருளல்ல. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பக்கத்தைத் திறந்து, ஹார்ட் ஃபால்ட்ஸ் (தேவையானது ரேமில் இல்லாமல் எஸ்எஸ்டி போன்ற சேமிப்பகத்திலிருந்து எடுக்க நேரும் தடவைகள்) வரைபடத்தைப் பாருங்கள். நிரல் முதன்முறை திறக்கும்போது எகிறுவது இயல்பு. ஏற்கெனவே திறந்திருப்பவற்றுக்குள் மாறும்போதெல்லாம் எகிறினால் 16 எடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

மழைக்குருவி:
பார்த்தேன். அழைப்பிலிருந்து எக்செலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கோடு உச்சிக்குப் போய்ச் சில நொடி கழித்தே இறங்குகிறது. 16 ஜிபியே எடுக்கிறேன்.

கருவேலன்:
சரி, உங்களுக்கு 16. ஆனால் இதே வேலைக்கு ஸ்லாட் உள்ள மாடல் கிடைக்கிறதா என்று ஒருமுறை தேடிவிட்டுப் பணம் கட்டுங்கள். எடை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.