சிப்டிங் ரூம் இருமல்: எந்த கிளினிக்குக்குப் போவது?

வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில், தேயிலைத் தூளைச் சலிக்கும் சிப்டிங் ரூமில் 11 வருசமாக வேலை செய்கிறேன். ஜனவரியிலிருந்து வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம், ராத்திரியில் இழுப்பு. அதே ரூமில் இன்னும் மூன்று அக்காமாருக்கும் இதே கதைதான். ஞாயிறு லீவில் குறையும். திங்கள் தூள் பறக்கத் தொடங்கியதும் பழையபடி.

தோட்டத்து டிஸ்பென்சரியில் நான்கு தடவை காட்டினேன். பனடோல், பிரிட்டன் (Piriton) என்ற அலர்ஜி மாத்திரை, அவ்வளவுதான். மாசம் ஒருக்கா வரும் டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார். ஆனால் என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஃபெக்டரி வாசலை மிதித்ததுமில்லை. புத்தகத்தில் நான்கு பேருக்கும் "தடிமன்" (சளி) என்றே எழுதியிருக்கிறது! பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, சளியும் சோதித்தார்கள். டிபி இல்லை. மூச்சுக்கு இழுக்கும் பம்ப் (இன்ஹேலர்) தந்தார்கள், அடித்தால் கொஞ்ச நேரம் சுகம். தொரையிடம் (தோட்டத்து மேனேஜர்) சொன்னதற்குத் துணி மாஸ்க் கிடைத்தது. தூள் இழுக்கும் ஃபேன் இன்னும் ஓடவில்லை.

வேலை நாளிலும் லீவு நாளிலும் மூச்சை வெளியே ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி, சில வாரம் கணக்கு எழுதினால், வேலையால் வந்த ஆஸ்துமாவா என்று டொக்டருக்குப் பிடிபடும் என்றார் ஒரு நர்ஸ். எங்கள் டிஸ்பென்சரியில் அந்த மீட்டரே இல்லை. டொக்டர் காரணத்தை எழுதித் தராமல், 1934ஆம் ஆண்டு தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தைக் காட்டிப் பேசவும் வழியில்லை என்கிறார் எங்கள் யூனியன் தலைவர்.

நுவரெலியா அல்லது கண்டியில், இந்தச் சோதனையைச் செய்து காரணத்தையும் எழுதித் தரும் அரசாங்க கிளினிக் எது?