பொருள்: ‘பிளாக் டைம்’ தமிழில் எப்படி?

வணக்கம். லண்டன்–நியூயார்க் வான்தடப் பட்டியலில் மூன்று தலைப்புகள் இடிக்கின்றன.

லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி நிலையத்துக்கும் இடையே சுமார் 5,540 கி.மீ. இதை ‘நேர்கோட்டுத் தொலைவு’ என்கிறோம். உருண்டையின் மேல் நேர்கோடு ஏது? உருண்டையின் மேல் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம் என்பதால் ‘பெருவட்டத் தொலைவு’ என்போம். நியூயார்க் தெற்கே இருந்தும் விமானம் ஏன் வடமேற்காகக் கிளம்புகிறது என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

எழும்பியதிலிருந்து தரை தொடும்வரை ‘பறப்பு நேரம்’. பிளாக் டைமுக்குப் ‘பயண நேரம்’ என்று போடலாமா?

---

> ‘பயண நேரம்’

வேண்டாம் ஐயா. படிப்பவர் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுவார். இங்கே பிளாக் என்பது சக்கரத்தடியில் செருகும் கட்டை. கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, சேருமிடத்தில் மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ள நேரம். பயணச்சீட்டில் அச்சாவது இதுதான்.

எண்களைப் பாருங்கள். காற்றில் விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று கொள்வோம். கிழக்கே போகையில் பின்காற்று 100 கி.மீ. தள்ளினால் 5,540 ÷ 1,000, அதாவது 5 மணி 32 நிமிடம். மேற்கே போகையில் அதே காற்று எதிர்த்தால் 5,540 ÷ 800, ஏறக்குறைய 6 மணி 55 நிமிடம். ஆனால் அட்டவணையில் முறையே 7, 8 மணியை ஒட்டி இருக்கும். ஏறி இறங்கும் மெதுவேகம், தட விலகல், ஓடுபாதை வரிசை, தாமதத்துக்கு ஒதுக்கும் உபரி எல்லாம் மிச்சத்தைத் தின்னும். 2020 பிப்ரவரியில் புயல்காற்று தள்ளியதில் ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது. அட்டவணையைப் பறப்பு நேரமாக வைத்துக்கொண்டு வேகம் கணக்கிட்டால் விடை குறைவாகத்தான் வரும்.

என் பரிந்துரை: ‘முட்டுக்கட்டை நேரம்’.

---

பொருள் சரி, ஆனால் ‘முட்டுக்கட்டை’ என்றாலே இடைஞ்சல் என்றுதான் காதில் விழும். தாமத நேரம் என்றே புரிந்துகொள்வார்கள். இலங்கையில் வாகனம் நிறுத்துமிடத்தைத் தரிப்பிடம் என்போம். இரு தரிப்புக்கு இடைப்பட்டது ‘தரிப்பிடை நேரம்’.

---

அழகு. ஒரே பயம்: அவசரத்தில் ‘தரிப்பிட நேரம்’ என்று தட்டச்சினால், நின்ற நேரமாகப் பொருள் தலைகீழாகிவிடும். ‘தரிப்பு-இடை நேரம்’ என்று கோடிட்டு எழுதலாம்.

இன்னொன்று: பன்னாட்டு விமானப் போக்குவரத்து விதிகளில் ‘ஃபிளைட் டைம்’ என்பதே நகரத் தொடங்கியதிலிருந்து இறுதியாக நிற்கும்வரை. விதிகளை மொழிபெயர்ப்பவர் அதைப் ‘பறப்பு நேரம்’ ஆக்கினால் பிழை. அங்கும் தரிப்பு-இடை நேரமே.

---

ஏற்கிறேன். பட்டியலில் இப்படி இடுகிறேன்:

தரிப்பு-இடை நேரம்: புறப்படும் தரிப்பிடத்தில் நகரத் தொடங்கியது முதல், சேரும் தரிப்பிடத்தில் நிற்கும் வரை.
எ.கா. லண்டன் 11:00, நியூயார்க் 14:00. உள்ளூர் நேர வேறுபாடு 5 மணி; ஆகவே 3 + 5 = 8 மணி. அமெரிக்கா மார்ச்சில் முந்திக் கடிகாரத்தை நகர்த்துவதால், பிரிட்டனும் மாற்றும்வரை சில வாரம் வேறுபாடு 4 மணிதான்.